‘டென்ஷன்’ என்றால் சந்தோஷம்! - ஜப்பான் அக்காவுக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த கதை

எங்கள் அம்மாவுக்கு மணப்பாக்கத்தில் ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை. ஒரு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்ச். கடைக்கு எதிரே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஜப்பானியக் குடும்பங்கள் சில அங்கே வாடகைக்கு இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை, அந்தக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா கையில் வெள்ளைச் சட்டையுடன் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷே தடுமாற்றம், ஜப்பானிய மொழிக்கு எங்கே போக! அந்த அக்கா சட்டையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, தயங்கித் தயங்கி “பொதான்” என்றார்.

“பொத்தானா? இருக்கும்மா, உட்காரு” என்று அம்மா டப்பாவைத் திறந்துவிட்டார்.

இருவருக்கும் ஆச்சர்யம். பொத்தான் வாங்கிய உற்சாகத்தில் அக்கா அம்மாவின் முன்னால் இருந்ததைக் காட்டி “மிஷின்!” என்றிருக்கிறார். “ஆமா, மிஷினேதான்” என்றிருக்கிறார் அம்மா. மாலையில் நான் வீட்டுக்கு வந்ததும், “ஜப்பான்காரங்க தமிழ்தான் பேசுறாங்கடி” என்று அம்மா சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றது. பொத்தான் நம் ஊருக்கும் ஜப்பானுக்கும் போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்து கொடுத்த சொல். 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கியவர்கள், 1543-ல் ஜப்பானையும் தொட்டுவிட்டார்கள். ‘மிஷின்’ இங்கிலீஷ் சொல்தான். ஆனால், ஜப்பானில் ‘மிஷின்’ என்றால் தையல் மிஷின் மட்டும்தான். மற்ற இயந்திரங்களுக்கெல்லாம் வேறு சொல் இருக்கிறது.

அடுத்த முறை அவர் வந்தபோது, மொபைலில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு அம்மா ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டார். “எம் பொண்ணு பத்திரிகையில வேலை பாக்குறா. இங்கிலீஷ் நல்லா வரும். சனிக்கிழமை சனிக்கிழமை உனக்குச் சொல்லித் தருவா.”

என்னைக் கேட்கவே இல்லை!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கிலீஷ் என்றால் அப்போது பயம். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அதன் பிறகு இதழியல் டிப்ளமோ. ஏஜென்சி செய்தியை இங்கிலீஷில் படித்துத் தமிழில் எழுதிவிடுவேன். வாயைத் திறந்து பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பயம் வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் அப்போது வேலை பார்த்த இணையதளத்தில், கட்டட விபத்து பற்றிய ஒரு நிமிட வீடியோவுக்குக் குரல் கொடுத்தேன். இடிபாடுகள் என்று சொல்லியிருக்கலாம். கெத்தாக இருக்கட்டும் என்று இங்கிலீஷ் சொல்லையே போட்டேன். எழுத்தில் பார்த்தபடி ‘டெப்ரிஸ்’ என்று படித்தேன். அந்தச் சொல்லின் கடைசி ‘எஸ்’ ஒலிக்காது, ‘டெப்ரீ’ என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சொல்லிக்கொடுத்தது கமென்ட் பகுதி. “இவங்களுக்கெல்லாம் யாருங்க வேலை கொடுக்குறது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் வீடியோவை எடுத்துவிட்டு, வேறு பெண்ணின் குரலில் மறுபடியும் ஏற்றினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் பிறகு யாராவது குரல் கொடுக்கச் சொன்னால், “தொண்டை சரியில்லை” என்று நழுவிவிடுவேன்.

இப்படிப்பட்ட நான்தான் டீச்சர்!

முதல் சனிக்கிழமை அக்கா நோட்டு, பென்சில், அழிரப்பர் சகிதம் வந்து உட்கார்ந்தார். ‘சென்செய்’ என்று கூப்பிட்டார். ஆசிரியரே என்று அர்த்தமாம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரையிலும் அவர் அக்காதான்.

“என் இங்கிலீஷ் மோசம், மன்னிக்கணும்” என்றுதான் தொடங்கினார். நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடம், மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம், கல்லூரியில் நான்கு வருடம் என மொத்தம் 10 வருடங்கள் இங்கிலீஷ் படித்திருக்கிறார். அவர் காலத்தில் நடுநிலைப் பள்ளியில்தான் இங்கிலீஷ் பாடம் ஆரம்பமாகும். ஜப்பானில் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் முறையான பாடமானது 2020-ல்தான்.

இலக்கணத்தில் என்னைவிடப் பல மடங்கு கெட்டி. என் தப்புகளை அவர் திருத்தாதது மரியாதைக்காக மட்டுமே என்று நினைக்கிறேன். ஆனால், “லிஃப்ட்ல யாராவது ‘விச் ஃப்ளோர்?’னு கேட்டா எனக்கு வேர்த்துடும்” என்றார். பரீட்சைக்காகப் படித்த இங்கிலீஷ் பரீட்சை ஹாலிலேயே நின்றுவிட்டது. நானும் 12 வருடம் இங்கிலீஷ் பாடம் எழுதித் தேறியவள்தானே? எனக்கு அவர் அந்நியராகவே தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் அந்த வேடிக்கை நடந்தது. உள்ளே வரும்போதே முகமெல்லாம் சிரிப்பாக, “டுடே மை டென்ஷன் இஸ் வெரி ஹை!” என்றார்.

நான் பதறிப்போய் ஃபேனைக் கூட்டினேன். அம்மா தண்ணீர் கொடுத்தார். “என்னாச்சுக்கா, வீட்ல ஏதாவது பிரச்னையா?” என்றேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் என்னவென்றால், அவருடைய ஆறு வயது மகனுக்குப் பள்ளியில் முதல் நண்பன் கிடைத்திருக்கிறான். ஜப்பானில் ‘டென்ஷன்’ என்றால் உற்சாகம். டென்ஷன் ஏறினால் குஷியாக இருக்கிறார் என்று அர்த்தம். நம் ஊரில் டென்ஷன் ஏறினால், பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்!

அன்று முதல் அந்த வகைச் சொற்களைத் தேடித்தேடிப் பிடித்தோம். ஜப்பானியர்கள் அதற்கு ‘வாசெய் எய்கோ’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் தயாரான இங்கிலீஷ் என்று பொருள். ‘ஸ்மார்ட்’ என்றால் ஒல்லியானவர். ‘கன்சென்ட்’ என்றால் சம்மதம் இல்லை, சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். ‘கிளெய்ம்’ என்றால் புகார். ‘வைக்கிங்’ என்றால் பஃபே சாப்பாடு. 1958-ல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் தன் பஃபே உணவகத்துக்கு வைத்த பெயர், நாட்டுக்கே பொதுப் பெயராகிவிட்டது. ஸ்டேப்ளருக்கு ‘ஹொச்சிகிசு’ என்கிறார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். நாம் நகல் எடுப்பதை ‘ஜெராக்ஸ்’ என்று சொல்வதுபோலத்தான்.

‘மேன்ஷன்’ என்ற சொல்லுக்குத்தான் நிறைய நேரம் ஆனது. “நாங்க மேன்ஷன்ல இருக்கோம்” என்று அக்கா சொன்னபோது, எனக்கு திருவல்லிக்கேணி ஞாபகம் வந்தது. வேலை தேடி வந்த பையன்கள் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று தங்குவார்களே, அந்த மேன்ஷன். ஜப்பானில் மேன்ஷன் என்றால் கான்கிரீட் அடுக்குமாடி வீடு. இங்கிலாந்துக்காரருக்கோ அது அரண்மனை மாதிரியான மாளிகை. ஒரே சொல்லில் ஒருவர் மாளிகையிலும், ஒருவர் ஃப்ளாட்டிலும், இன்னொருவர் பாயிலும் படுத்திருக்கிறார்கள்.

‘சர்வீஸ்’ என்ற சொல் காய்கறிக் கடையில் புரிந்தது. கடைக்கார அண்ணன் கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போட்டதும் அக்கா கண்கள் விரிய, “சர்வீஸ்?” என்றார். ஜப்பானில் கடைக்காரர் இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பதற்கு அதுதான் சொல். நம் மொழியில் அது கொசுறு. அன்று அக்கா கற்றது ஒரு தமிழ்ச் சொல்.

உச்சரிப்பில் இன்னொரு ஒற்றுமை. ஜப்பானிய மொழியில் ‘ன்’ தவிர வேறு மெய்யெழுத்தில் சொல் முடியாது. அதனால் இங்கிலீஷ் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் உயிரெழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். ‘மில்க்’ அங்கே ‘மிருகு’, ‘ஸ்ட்ரைக்’ அங்கே ‘சுதொராய்கு’. அக்கா இதைக் கூச்சத்தோடு சொன்னார். “எங்க பாட்டி பஸ்ஸு, லைட்டு, கேட்டுனுதான் சொல்லும். ஸ்கூலு இஸ்கூலாயிடும்” என்றேன். அக்கா சிரித்தார். ‘எல்’லும் ‘ஆர்’ரும் அவர்கள் காதுக்கு ஒன்றுபோலவே விழும். பஸ்ஸில் கண்டக்டர் “ரைட், ரைட்” என்று கத்தியதைக் கேட்டு, பகலில் எதற்கு லைட் போடச் சொல்கிறார் என்று யோசித்தாராம்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருந்தால், இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நான்காவது மாதம். ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும் முன்பே அக்கா வாசலில் நின்றார். இரவு முழுக்கத் தூங்காத முகம். கையில் மருந்துச் சீட்டு, பிரிக்காத மருந்துப் பாட்டில். கணவர் வெளியூரில். மகனுக்கு முந்தின நாள் காய்ச்சல், வயிற்று வலி. தனியாகவே டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார்.

டாக்டர் கேட்டிருக்கிறார்: “எனி லூஸ் மோஷன்?”

அக்காவுக்கு ‘லூஸ்’ தெரியும், தளர்ச்சி. ‘மோஷன்’ தெரியும், அசைவு. பையன் காலையிலிருந்து துவண்டு கிடக்கிறான். அசைவே தளர்ந்துதான் இருக்கிறது. “யெஸ், யெஸ்” என்றிருக்கிறார். எத்தனை தடவை என்று டாக்டர் கேட்க, எத்தனை தடவை படுத்தான் என்று நினைத்து “மூணு, நாலு” என்றிருக்கிறார். டாக்டரும் வயிற்றுப்போக்குக்கு மருந்து எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மருந்தின் பெயரைச் செயலியில் போட்டுப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. பையனுக்கு மூன்று நாளாக மலச்சிக்கல்! மருந்தைக் கொடுக்காமல், மறுபடியும் போய்க் கேட்கவும் தைரியம் வராமல், விடியும்வரை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நானும் கூடப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், “நான் வேற மாதிரி கேட்டிருக்கணும்மா” என்று அவரே வருத்தப்பட்டு, மருந்தை மாற்றிக் கொடுத்தார். இரண்டு நாளில் பையன் பழையபடி குடியிருப்பின் மாடிப்படியில் ஓட ஆரம்பித்துவிட்டான்.

அன்று திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா அழுதார். “டயரியானு கேட்டிருந்தா எனக்குத் தெரியும். ஸ்பெல்லிங்கோட மனப்பாடம் செஞ்ச சொல் அது” என்றார். நம் ஊரில் டாக்டரிலிருந்து மருந்துக் கடைக்காரர்வரை எல்லோரும் சொல்லும் ‘லூஸ் மோஷன்’, அவர் படித்த எந்தச் சொற்பட்டியலிலும் இல்லை. அது இந்தியாவில் தயாரான இங்கிலீஷ்!

“புரியலைன்னு சொல்லியிருக்கலாமேக்கா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “வெக்கமா இருந்துச்சு. பின்னால நிறைய பேர் காத்திருந்தாங்க. அப்புறம் எங்க ஊர்ல யாராவது பேசும்போது ‘ஹாய், ஹாய்’னு சொல்லிக்கிட்டே இருப்போம். சரின்னு அர்த்தமில்ல, கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். அதே பழக்கத்துல ‘யெஸ்’ சொல்லிட்டேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இங்கிலீஷில் நடக்கும் பிரஸ் மீட்டில் பாதி புரியாமல் “ஓகே சார், ஓகே சார்” என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அடுத்த நிருபரிடம் குறிப்பு வாங்குகிறவள்தானே நானும்? மருந்துப் பாட்டில் என் கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பாடத்தை மாற்றினோம். முதல் பாடம் ஒரு சொல் இல்லை, ஒரு வாக்கியம். “ஸாரி, ஐ டிட்ன்ட் அண்டர்ஸ்டாண்ட். கேன் யூ சே இட் இன் அனதர் வே?” புரியவில்லை, வேறு மாதிரி சொல்கிறீர்களா? அதை அவர் 20 தடவை சத்தமாகச் சொன்னார். நானும் 20 தடவை சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு அம்மாவும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

ஜப்பானில் மாணவர்கள் விரல் நீள அட்டைகளை ஒரு வளையத்தில் கோத்து வைத்திருப்பார்கள். ரயிலில் போகும்போதுகூடப் புரட்டிப் படிப்பார்கள். முன்பக்கம் இங்கிலீஷ், பின்பக்கம் ஜப்பானிய மொழி. அக்காவிடமும் அது இருந்தது. நாங்கள் பின்பக்கத்தை மூன்றாகப் பிரித்தோம். ஜப்பானில் என்ன அர்த்தம், இங்கிலீஷ்காரருக்கு என்ன அர்த்தம், சென்னையில் என்ன அர்த்தம். ‘லூஸ் மோஷன்’ மூன்றாவது கட்டத்துக்குப் போனது. மின்சாரத்துக்கு நாம் சொல்லும் ‘கரன்ட்’, ஊருக்குப் போயிருக்கிறார் என்பதற்கு ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்தன.

ஒரு நாளைக்கு 30 சொல் என்ற கணக்கையும் விட்டோம். அகராதி முழுக்கத் தேவையில்லை என்பதற்கு ஆதாரமும் கிடைத்தது. டோக்கியோவில் பேராசிரியராக இருக்கும் சார்ல்ஸ் பிரவுனும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,800 சொற்கள்தான் இருக்கின்றன. பொதுவாகப் படிக்கும் இங்கிலீஷில் பெரும்பகுதி அவற்றாலேயே ஆனது. நாங்கள் வாரத்துக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொண்டோம். ஒரு வாரம் மருந்துக் கடை, ஒரு வாரம் பள்ளி வாசல், ஒரு வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் அண்ணன். அந்த இடத்தில் எதிராளி என்ன கேட்பார், நாம் என்ன சொல்வோம் என்று முழு வாக்கியமாகப் பேசிப் பார்த்தோம். வீட்டுக்குப் போய் அதையே அக்கா மொபைலில் கேட்டு, குரலின் பின்னாலேயே நிழல்போலச் சொல்லிப் பழகினார்.

அக்காதான் எனக்கு மான்ஜிரோவின் கதையையும் சொன்னார். 1841-ல் மீன் பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கிய 14 வயதுப் பையன். அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அவனைக் காப்பாற்றியது. அமெரிக்காவில் படித்து, 1851-ல் ஜப்பான் திரும்பினான். பின்னாளில் ஜப்பானியர்களுக்காக இங்கிலீஷ் உரையாடல் புத்தகமும் எழுதினார். எழுத்துக்கூட்டிப் பார்க்காமல், காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியவர் அவர். ‘வாட்டர்’ அவர் எழுத்தில் ‘வாரா’. அமெரிக்கர் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். “அவருக்கு பரீட்சை இல்ல சென்செய், தாகம் இருந்துச்சு” என்றார் அக்கா.

ஒரு நாள் என் ‘டெப்ரிஸ்’ கதையை அவரிடம் சொன்னேன். அதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா சிரிக்கவில்லை. “டெபுரி” என்றார் மெதுவாக. 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, உருகிக் கிடக்கும் எரிபொருளைக் குறிக்க ஜப்பான் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் அது. அவர்கள் காதால் கேட்டு எடுத்துக்கொண்டதால், அதில் ‘எஸ்’ இல்லை. “நீங்க புத்தகத்துல பாத்தீங்க, நாங்க செய்தியில கேட்டோம். அவ்வளவுதான்” என்றவர், அதற்கும் ஓர் அட்டை எழுதினார்.

ஜப்பானில் ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும், இடமாற்றமும் அப்போதுதான் வரும். கடந்த மார்ச் மாதக் கடைசியில் அக்கா குடும்பம் ஊர் திரும்பியது. கிளம்பும் முன் அந்த அட்டை வளையத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். “எனக்கு மனசுல இருக்கு” என்றார். எண்ணிப் பார்த்தேன். 412 அட்டைகள். முதல் அட்டை ‘லூஸ் மோஷன்’ இல்லை, ‘டென்ஷன்’ இல்லை. “ஸாரி, ஐ டிட்ன்ட் அண்டர்ஸ்டாண்ட்.”

போன மாதம் ஒரு பிரஸ் மீட்டில் அதிகாரி ஒருவர் வேகமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சுற்றிலும் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அவர் நிதானமாக, எளிமையாக மறுபடியும் சொன்னார். என் பக்கத்தில் இருந்த சீனியர் நிருபர் ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, புதிதாக எழுதினார்!

இந்த அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. சென்ற வாரம், “ஒரு வீடியோவுக்குக் குரல் கொடுக்குறீங்களா?” என்று கேட்டார்கள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. சரி என்றேன். இரவு ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். தெரியாத சொல் ஒவ்வொன்றையும் காதில் கேட்டுச் சரிபார்த்தேன்.

பட்டன் வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “என்னடி, டென்ஷனா இருக்கியா?” என்றார்.

“ஆமாம்மா” என்றேன், “ஜப்பான் டென்ஷன்!”